ஊசி போட்டதும் வலி போச்சு, கல்லு?

பல்லடத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சித்திரை வெயில் ஏறினால் தறிக்காரர் யாராவது சிறுநீரகக் கல் வலியில் விலாவைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். முந்தின ராத்திரி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, ‘ஒரு வாரத்தில் யூராலஜி (சிறுநீர்ப்பாதை) டாக்டரைப் பாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தச் சீட்டு எட்டாக மடிந்து, வேர்வையில் ஊறி, சட்டைப் பையில் கிடக்கும். “அதே வலி மாத்திரை ஒரு அட்டை குடுங்ணா. வலி நின்னு போச்சுங், இருந்தாலும் கைவசம் இருக்கட்டும்.”

வலி நின்றதால் கல் போய்விட்டது என்று நம்புவதுதான் பெரிய தவறு. கல் சிறுநீர்க் குழாயை அடைத்தபடியே இருக்க, அழுத்தம் குறைந்து வலி மட்டும் அடங்கிவிடலாம். சத்தமில்லாமல் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தால் அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் கெட்டுப்போகும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் மி.மீ. கணக்கு இருக்கும், பாருங்கள். 5 மி.மீ.க்குக் கீழே என்றால் பெரும்பாலும் தானே இறங்கும். அதற்கும் சில வாரம் ஆகலாம். 10 மி.மீ. தாண்டினால் தானாக வருவது அபூர்வம். இடையில் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை வாங்கி வாங்கி விழுங்குவது சிறுநீரகத்துக்கே கெடுதல், சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் கெடுதல்.

கூடப் போகிறவருக்குத்தான் வேலை அதிகம். நோயாளி வலியிலும் ஊசி மயக்கத்திலும் இருப்பார், டாக்டர் சொன்னது பாதி காதில் விழாது. யூராலஜி டாக்டர் எந்தக் கிழமை இருப்பார் என்று கிளம்புமுன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஷிப்ட் கூலியை விட்டுப் போய், ‘இன்னைக்கு டாக்டர் இல்லை’ என்று திரும்பியவர் மறுபடி போகமாட்டார். ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைத் தாள், இ.எஸ்.ஐ. அட்டையோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ, எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். ஒடியா பையன்களுக்குத் துணையாகப் போகும் சூப்பர்வைசர்கள், தேதியை அவர்கள் போனிலேயே அலாரமாகப் போட்டுவிடுங்கள்.

சிறுநீர் தடையில்லாமல் இறங்க உள்ளே ஸ்டென்ட் குழாய் வைத்து அனுப்பியிருந்தால் கதையே வேறு. எடுக்க வேண்டிய தேதியைக் கட்டாயம் கேளுங்கள். வலி இல்லையே என்று மாதக்கணக்கில் மறந்துவிட்டால் அந்தக் குழாய் மேலேயே கல் படியும், பிறகு எடுப்பது பெரும்பாடு. கிழிக்கிற காலண்டரில் அந்தத் தேதித் தாளின் முனையை இன்றே மடித்து வையுங்கள்.

குளிர் காய்ச்சல் வந்தாலோ, சிறுநீரே பிரியாமல் போனாலோ தேதி பார்க்காதீர்கள். அன்றைக்கே 108.

வாழைத்தண்டுச் சாறு? குடிக்கட்டும், ஸ்கேனுக்குப் பதிலாக வேண்டாம். ஏற்கனவே சிறுநீரகம் பலவீனமானவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், அதில் பொட்டாசியம் உண்டு. கல்லுக்குப் பயந்து பாலையும் தயிரையும் நிறுத்துகிறவர்கள் ஊறுகாயை மட்டும் விடுவதில்லை. குறைக்க வேண்டியது உப்பைத்தான்.

சிறுநீரை வடிகட்டிப் பார்க்க, பழைய டீ வடிகட்டி ஒன்றைக் கழிவறையில் வையுங்கள். கல் விழுந்தால் சோதனைக்குக் கொடுத்து என்ன வகை என்று தெரிந்துகொள்ளலாம். யூரிக் அமிலக் கல்லாக இருந்தால் மருந்திலேயே கரைக்க வழியுண்டு. சோமனூர்க்காரர் ஒருவர் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் பிரித்தார். கடுகை விடக் கொஞ்சம் பெரிசு. “இதுக்குத்தானுங்ளா அந்தக் கூப்பாடு?” என்றார். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். அதில் இரண்டு கல் போட்டிருந்தது.