பிரிட்டன் வேலை விசா: ஆர்டர் வந்த கையோடு ராஜினாமா செய்யாதீர்கள்

கோத்தகிரியிலிருந்து சென்ற மாதம் மட்டும் மூன்று பேர் போன் செய்தார்கள். மூவரும் கேட்டது ஒன்றுதான்: "அண்ணா, ஆர்டர் வந்துவிட்டது, வேலையை விட்டுவிடலாமா?" விடாதீர்கள். இதை யாரிடமும் கேட்காமல் நான் ராஜினாமா செய்தேன். ஐந்து மாதச் சம்பளம் போனது.

என் அப்பா அரவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் இருந்தவர். அவருக்குத் தபாலில் ஆர்டர் வந்த அன்றே தாத்தா தெருவுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தாராம். நம் ஊரில் ஆர்டர் கைக்கு வந்தால் வேலை கிடைத்துவிட்டது என்று பொருள். நான் இப்போது இருக்கும் பிரிட்டனில் அப்படியில்லை. வெளிநாட்டவரை வேலைக்கு வரவழைக்க நிறுவனம் முதலில் பிரிட்டன் அரசிடம் ஸ்பான்சர் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமம் இல்லாத நிறுவனமும் ஆர்டர் அனுப்பலாம், அதைத் தடுப்பவர் யாருமில்லை. எனக்கு வந்தது அப்படிப்பட்ட ஆர்டர். "விசாவுக்கு நாங்கள் ஸ்பான்சர் செய்வோம்" என்று அதில் எழுதியிருந்தார்கள். உரிமத்துக்கு இனிமேல்தான் விண்ணப்பிக்கப்போகிறோம் என்று எழுதவில்லை.

ஜூனில் ஆர்டர் வந்தது. மறுநாளே கோயம்புத்தூர் பம்ப் நிறுவனத்தில் ராஜினாமா கொடுத்தேன். இரண்டு மாத நோட்டீஸ் முடிந்து, ஆகஸ்டில் அறையைக் காலி செய்துவிட்டுக் கோத்தகிரிக்கு வந்தேன். பிரிட்டன் நிறுவனம் உரிமத்துக்கு விண்ணப்பித்தது செப்டம்பரில். பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு எட்டு வாரத்துக்குள் முடிவு வந்துவிடும் என்பது அரசின் கணக்கு. எங்களுடையது நவம்பர் கடைசியில்தான் வந்தது. ஐப்பசி மழை முழுவதையும் அம்மா வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தேன். பால்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வரை "இன்னும் கிளம்பவில்லையா?" என்று கேட்கும்போதெல்லாம் அம்மாதான் பதில் சொன்னார். அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

இதைத் தவிர்க்கப் பைசா செலவில்லை. உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசு தன் இணையதளத்தில் வெளியிட்டு, அடிக்கடி புதுப்பிக்கிறது. உங்கள் ஆர்டரில் உள்ள பெயரை அதில் தேடுங்கள். கடைப்பெயர் வேறாகவும் பதிவான பெயர் வேறாகவும் இருக்கலாம். பதிவான பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெயருக்கு நேரே, நமக்கு வேண்டிய வேலை விசா வகையான 'ஸ்கில்டு ஒர்க்கர்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் இல்லை என்றால் உங்கள் நாட்கணக்கு இன்னும் தொடங்கவே இல்லை.

உரிமம் இருந்தால் மற்றவை வேகமாக நடக்கும். நிறுவனம் பிரிட்டன் உள்துறை அமைச்சகத்திடம் அனுமதி பெற்று உங்களுக்கு சி.ஓ.எஸ். என்ற ஸ்பான்சர்ஷிப் சான்றை ஒதுக்கும். அது காகிதம் அல்ல, ஓர் எண். அந்த எண் வந்த மூன்று மாதத்துக்குள் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலை தொடங்கும் நாளுக்கு மூன்று மாதத்துக்கு முன்னதாகவும் விண்ணப்பிக்க முடியாது. கைரேகை கொடுத்தபின் வழக்கமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மூன்று ஆண்டு விசா என்றால் 3,105 பவுண்டையும் விண்ணப்பிக்கும்போதே கட்டியாக வேண்டும். நான் அம்மாவின் வளையல்களை வங்கியில் அடகு வைத்துக் கட்டினேன். சி.ஓ.எஸ்.ஸுக்கு என்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2024 டிசம்பர் 31 முதல் அந்தக் கட்டணத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்பது விதி.

விசாவுக்குக் கேட்கும், காசநோய் இல்லை என்ற சான்றிதழையும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். அது ஆறு மாதம்தான் செல்லும். ஜூனிலேயே நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போய் எடுத்துவிட்டேன். டிசம்பரில் சி.ஓ.எஸ். வந்தபோது அது காலாவதியாகியிருந்தது. மறுபடியும் மேட்டுப்பாளையம், மறுபடியும் இரவு ரயில், மறுபடியும் கட்டணம். ஊட்டி அரசு மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே கையில் இருந்தாலும் உதவாது. பிரிட்டன் அரசு அங்கீகரித்த மையத்தில் எடுத்தது மட்டுமே செல்லும்.

ஆகவே சி.ஓ.எஸ். எண் வரும்வரை ராஜினாமா வேண்டாம். விசா முடிவே வரட்டும் என்று காத்திருந்தால் இன்னும் நல்லது. "உடனே சேர வேண்டும்" என்று நிறுவனம் அவசரப்படுத்தினால், நோட்டீஸ் காலத்தைச் சொல்லி, சேரும் தேதியைத் தள்ளி எழுதச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. நம் பிள்ளைகள் வேலையில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்ல, கேட்கத்தான் தயங்குகிறோம்.

விசா கிடைத்தபின் அதிக நாள் ஊரில் தங்காதீர்கள். சேர வேண்டிய தேதியிலிருந்து 28 நாளுக்கு மேல் தாமதமானால் ஸ்பான்சர்ஷிப்பே கைவிட்டுப் போகலாம். வந்தபின் வேலை போய்விட்டால் வேறு ஸ்பான்சரைத் தேட வழக்கமாக 60 நாள் தருவார்கள்.

நான் வந்து இறங்கியது ஜனவரியில். குளிர் நமக்குப் பழக்கம்தான். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதுதான் தாங்க முடியவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த வர்க்கியை ஒரு மாதம் எண்ணி எண்ணித் தின்றேன்.

கையில் ஆர்டர் இருப்பவர்கள் நிறுவனத்தின் பெயரை மட்டும் எனக்கு அனுப்புங்கள். பட்டியலைப் பார்த்து அன்றே சொல்கிறேன்.