யூராலஜி ஃபெல்லோஷிப்பில் சேருவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

யூராலஜி (சிறுநீர்ப்பாதை அறுவை சிகிச்சை) படிப்பை முடித்துவிட்டு லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை), ரோபாட்டிக், எண்டோயூராலஜி (சிறுநீர்ப்பாதைக்குள் கருவி விட்டுச் செய்வது) என்று ஃபெல்லோஷிப் (மேற்பயிற்சி) தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது, அந்த மையத்தில் வருடத்துக்கு எத்தனை கேஸ் நடக்கிறது என்றுதான். அதை மட்டும் நம்பிச் சேராதீர்கள். ஆயிரம் கேஸ் நடக்கிற இடத்திலும் சக்ஷனை, அதாவது ரத்தத்தை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டே வருடத்தை ஓட்டிவிட்டு வரலாம்.

எந்தக் கட்டத்தை யார் செய்கிறார் என்று கேளுங்கள். ரோபாட்டிக் புராஸ்டேட் நீக்கத்தில் சிறுநீர்ப்பையைக் கீழே இறக்குவது, பிளாடர் நெக்கை (சிறுநீர்ப்பையின் கழுத்தை)ப் பிரிப்பது, நரம்புக் கற்றையைக் காப்பது, கடைசியில் சிறுநீர்ப்பையை யூரித்ராவோடு (சிறுநீர் வெளியேறும் குழாயோடு) சேர்த்துத் தைப்பது என்று பல கட்டங்கள் உண்டு. ஒழுங்காகச் சொல்லித்தருகிற இடத்தில் முதலில் சிறுநீர்ப்பையை இறக்கக் கொடுப்பார்கள், கை பழகியதும் தையல், நரம்புப் பக்கம் போவதற்கு நாளாகும். இரண்டு கன்சோல் (டாக்டர் உட்கார்ந்து ரோபோவை இயக்கும் மேடை) இருந்தால் ரொம்ப நல்லது, தேவைப்பட்ட நொடியில் கருவியைத் தன் பக்கம் வாங்கிக்கொள்ளலாம் என்பதால் ஆசிரியரும் தயங்காமல் விட்டுக்கொடுப்பார்.

பிசிஎன்எல் (முதுகுப் பக்கம் துளையிட்டுச் சிறுநீரகக் கல்லை எடுப்பது) என்றால் ஒரே கேள்விதான்: ஊசியைப் போடுவது யார்? கல்லை உடைப்பதெல்லாம் அப்புறம். கேலிக்ஸின் (சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் கிண்ணத்தின்) நுனி வழியாக ஊசி நேராக இறங்க வேண்டும், சற்று விலகி இன்ஃபண்டிபுலம் (அந்தக் கிண்ணத்தின் கழுத்து) வழியாகப் போய்விட்டால் பெரிய ரத்தக்குழாய் அடிபடலாம். சில மையங்களில் ரேடியாலஜிஸ்ட் பாதை போட்டுக் கொடுத்துவிடுவார், அங்கே படித்தால் பாதித் தொழில்தான் கைக்கு வரும்.

இதையெல்லாம் துறைத் தலைவரிடம் கேட்டால் நல்லதாகத்தான் சொல்வார், அங்கே முடித்து வெளியேறியவர்களைப் பிடியுங்கள், முடிந்தால் அவர்களுடைய லாக்புக்கை (செய்த ஆபரேஷன்களின் பதிவேட்டை)ப் பார்த்துவிடுங்கள். வெளிநாடு என்றால், நோயாளியைத் தொட அந்த நாட்டு உரிமம் கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அது வெறும் அப்சர்வர்ஷிப் (ஓரமாக நின்று பார்ப்பது), பெயர் என்னவாக இருந்தாலும் சரி.

சேர்ந்த பிறகு உங்கள் லாக்புக்கில் ஆபரேஷன் பெயரோடு நிறுத்தாமல், நீங்கள் செய்த கட்டம், அதற்கான நேரம், பின்னால் வந்த சிக்கலின் கிளேவியன்-டிண்டோ தரம் (சிக்கலின் தீவிரத்தைச் சொல்லும் அளவுகோல்) எல்லாவற்றையும் எழுதுங்கள். பகுதிச் சிறுநீரக நீக்கம் என்றால் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகாதபடி தமனிக்குக் கிளாம்ப் போட்டிருந்த நிமிடங்களையும் சேர்த்து. 25 நிமிடத்தைத் தாண்டியிருந்தால் அன்றைக்கே வீடியோவைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தையலில்தான் நேரம் போயிருக்கும், அதை டிரெயினர் பெட்டியில் (தையல் பழகும் பயிற்சிப் பெட்டி) உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம்.

இன்னொன்று, ரத்தம் கொட்டும்போது ரோபோவின் கைகளைக் கழற்றி ஒதுக்கிவிட்டு வயிற்றைத் திறக்கும் ஒத்திகையை அந்த டீம் நடத்துகிறதா என்றும் கேட்டுவிடுங்கள், திறந்த அறுவை சிகிச்சையே அதிகம் பார்க்காத தலைமுறைக்கு இது கட்டாயம் தேவை.