பாதுகாப்பு உத்தரவு இருக்கிறது; புகுந்த வீட்டிலுள்ள பொருட்களை எடுப்பது எப்படி?

அடிக்குப் பயந்து வீட்டைவிட்டு வெளியேறும் பெண் பெரும்பாலும் ஒரு கைப்பையோடும் குழந்தையோடும்தான் வெளியேறுகிறார். பட்டச் சான்றிதழ் பீரோவிலும், நகை மாமியாரின் பொறுப்பிலும், குழந்தையின் தடுப்பூசி அட்டை எந்த உறையில் என்றே தெரியாமலும் கிடக்கும். சில வாரங்கள் கழித்து நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கிடைத்ததும், இனி நேரே போய் எடுத்து வந்துவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கணவர் உங்களை நெருங்கக் கூடாது என்று சொல்லும் உத்தரவு, உங்கள் பொருட்களை அவர் ஒப்படைக்க வேண்டும் என்று தானாகச் சொல்லிவிடாது. அது தனி நிவாரணம். மனுவில் தனியாகக் கேட்டுப் பெற வேண்டியது.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. பிரிவு 18 பாதுகாப்பு உத்தரவைப் பற்றியது. வன்முறையையும், தொலைபேசி உட்பட எந்த வழியிலும் தொடர்புகொள்வதையும் தடுப்பதோடு, வங்கி லாக்கரைத் திறப்பதற்கும் சொத்துகளைக் கைமாற்றுவதற்கும் தடை விதிக்க அது வழிசெய்கிறது. பிரிவு 19இன் எட்டாம் உட்பிரிவு, பெண்ணின் ஸ்திரீதனத்தையும் அவருக்கு உரிமையுள்ள பிற பொருட்களையும் திருப்பித் தருமாறு எதிர்மனுதாரருக்கு ஆணையிடும் அதிகாரத்தை நீதித்துறை நடுவருக்குத் தருகிறது. திருமணத்துக்கு முன்னும், திருமணத்தின்போதும், அதன் பின்னும் பெண்ணுக்கென்று தரப்பட்ட நகை, பாத்திரம், பணம், பரிசு எல்லாம் ஸ்திரீதனத்தில் அடங்கும். அது முழுக்க முழுக்கப் பெண்ணின் சொத்து, கணவர் வீட்டார் கையில் இருந்தாலும் அவர்கள் அதற்கு உரிமையாளர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்று பிரதிபா ராணி வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தர மறுப்பதையே இந்தச் சட்டம் பொருளாதார வன்முறையில் சேர்க்கிறது.

மனுவை நீங்கள் இப்போது தங்கியிருக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். தாய்வீட்டில் தற்காலிகமாக இருந்தாலும் போதும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆபத்து நேரடியாக இருந்தால் 112, ஆலோசனைக்கும் தங்குமிடத்துக்கும் 181. காவல் நிலையத்தில் முதலில் புகார் தருபவர்கள் மனு ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பொருட்களைப் பற்றிப் பேசினால் "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்ற பதிலே பெரும்பாலும் வரும். நீதிமன்ற உத்தரவோடு போகும்போது அதே நிலையத்தில் பேச்சு மாறும்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிட வேண்டிய வேலை பட்டியல் தயாரிப்பது. "என் நகைகளையும் உடைமைகளையும் திருப்பித் தர உத்தரவிட வேண்டும்" என்று ஒரு வரியில் முடித்த மனுவால் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் எதைத் தரவில்லை என்பதைப் பிறகு நிரூபிக்க முடியாது. நகை என்றால் ஒவ்வொன்றுக்கும் பெயர், பவுன் கணக்கு, யார் போட்டது, கடைசியாக யாரிடம் இருந்தது; பாத்திரம் என்றால் வெள்ளியா பித்தளையா, எத்தனை; மின்சாதனங்களுக்கு நிறுவனப் பெயர், வாங்கிய ஆண்டு. நகைக்கடை ரசீது, திருமண ஆல்பம், வீடியோ, தாய்வீட்டார் பணம் அனுப்பிய வங்கிக் கணக்குப் பதிவு, நகை அடகுச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். மணமக்களுக்கு வந்த பரிசுகளைப் பட்டியலிட்டுக் கையெழுத்திட்டு வைக்க வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த 1985ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நம் வீடுகளில் யார் எவ்வளவு மொய் வைத்தார் என்ற நோட்டு முப்பது ஆண்டுகள் பத்திரமாக இருக்கும். சீர்வரிசைப் பட்டியலை மட்டும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். எழுதியிருக்காவிட்டாலும் மனம் தளர வேண்டியதில்லை. சீர் கொண்டுவந்து இறக்கிய உறவினர்கள் சாட்சி சொல்லலாம்.

பட்டியலை இரண்டாகப் பிரித்து எழுதுவது நல்லது. முதல் பகுதியில் நாளைக்கே தேவைப்படுபவை வர வேண்டும்: கல்விச் சான்றிதழ்கள், ஆதார், பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ், மருந்துச் சீட்டுகள், குழந்தையின் பள்ளிப் பை, புத்தகங்கள், உடைகள். இவை யாருடையவை என்பதில் சண்டைக்கே இடமில்லை என்பதால், பிரிவு 23இன் கீழ் இடைக்கால உத்தரவாகவே கேட்கலாம். அதற்கென உள்ள மூன்றாம் படிவத்தில் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். நகையும் பெரிய சாமான்களும் இரண்டாம் பகுதி. அவற்றை அவர்கள் மறுப்பார்கள், விசாரணை நடக்கும். நகைக்காகக் காத்திருந்து சான்றிதழையும் சேர்த்து இழுத்தடிக்க விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பிரிப்பைச் சொல்கிறேன். நகை கணவர் பெயரில் வங்கியில் அடகு இருந்தாலோ கூட்டு லாக்கரில் இருந்தாலோ, கிளையின் பெயரைக் குறிப்பிட்டுத் தடை கேட்க வேண்டும். உத்தரவு வந்ததும் நகலை நீங்களே அந்தக் கிளையில் கொடுத்து ஒப்புதல் பெறுவது பாதுகாப்பு.

உத்தரவின் வாசகத்தையும் மனுவிலேயே கேட்டு எழுதுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்குள், யார் முன்னிலையில் எடுப்பது, எந்தக் காவல் நிலையம் உடன் வருவது என்பது உத்தரவில் இருந்தால்தான் வாசலில் நின்று வாதாட வேண்டியிராது. உத்தரவை நிறைவேற்ற உதவுமாறு காவல் நிலையத்துக்கு ஆணையிட பிரிவு 19(7) இடம் தருகிறது. நகை உட்பட்ட உடைமைகளை மீட்டுத் தரும் பணியை எழுத்துமூலம் பாதுகாப்பு அலுவலரிடம் ஒப்படைக்க, குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளில் விதி 10இல் வழியுண்டு. பூட்டிக் கிடக்கும் என்ற சந்தேகம் இருந்தால் பூட்டைத் திறக்கும் அனுமதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அனுமதி இல்லாமல் பூட்டுக்காரரை அழைத்துப் போனால் வழக்கு உங்கள் மேல் திரும்பும். இருதரப்பு வழக்கறிஞர்களும் ஒத்துப்போனால் நகையை நீதிமன்றத்திலேயே, நடுவர் முன்னிலையில் ஒப்படைக்கச் செய்வது எல்லாவற்றிலும் மேல்.

எடுக்கப் போகும் நாளில் உத்தரவின் சான்றிட்ட நகல் கையில் இருக்க வேண்டும். நகலைத் தரப்பினருக்கும் காவல் நிலையத்துக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்பது பிரிவு 24. முந்தைய நாளே நிலையத்துக்குப் போய் நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்; திருவிழா, பந்தோபஸ்து நாட்களில் ஆள் கிடைக்காது. பகலிலேயே போக வேண்டும், குழந்தையை அழைத்துப்போகக் கூடாது. நிதானமான இரண்டு உறவினர்கள் போதும். கோபக்கார அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும். சாமான் அதிகமென்றால் ஒரு குட்டி யானை வண்டியைப் பேசி வைத்து, அட்டைப் பெட்டியும் சாக்கும் கொண்டுபோக வேண்டும். உள்ளே பட்டியலில் உள்ளதை மட்டும் எடுத்து, எடுக்கும்போதே குறியிட்டு, வாசலில் இருதரப்பும் கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டு எழுதுங்கள். அவர்கள் கையெழுத்திட மறுத்தால் அதையும் எழுதி, உடன்வந்த அலுவலரின் கையெழுத்தைப் பெறலாம். "எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி பாக்கியில்லை" என்று எழுதி நீட்டும் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடவே கூடாது.

உத்தரவுக்குக் கட்டுப்பட்ட கணவரும் இதைப் படிக்கலாம். வீட்டைவிட்டு வெளியேறும்படியோ நுழையக் கூடாது என்றோ உத்தரவு இருந்தால், வீடு உங்கள் பெயரில் இருந்தாலும், உள்ளே இருப்பது உங்கள் அலுவலக மடிக்கணினியே ஆனாலும், சாவி இருக்கிறதென்று திறந்து போகக் கூடாது. மனைவியே தொலைபேசியில் "வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னாலும் உத்தரவு அதனால் ரத்தாகிவிடாது. பாதுகாப்பு உத்தரவை மீறுவது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விடமுடியாத குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். வழக்கறிஞர் மூலம் அதே நடுவரிடம் மனுப்போட்டு, குறிப்பிட்ட பொருட்களை மூன்றாம் நபர் ஒருவர் எடுத்துவர அனுமதி கேட்பதுதான் முறை.

எடுத்துவந்த பிறகு ஏதேனும் குறைந்தால், ஒப்புகைச் சீட்டோடு அதே நீதிமன்றத்தில் உடனே தெரிவிக்க வேண்டும். நகையைத் தராமல் வைத்திருப்பது தொடர்ந்து நடக்கும் குற்றம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், பிரிந்து ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதே உங்கள் உரிமைக்குத் தடையாகாது. உத்தரவு பாதகமாக வந்தால் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள் உண்டு. முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் வாய்தா நீளும். ஆகவே பிறப்புச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் மறுநகலுக்கு மனுத் தாக்கல் செய்த வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.