கைதட்டி ஒலியின் வேகத்தை அளப்போம்: மலையகத்தில் ஓர் எளிய செய்முறை

கொழும்பைவிட நுவரெலியாவில் ஒலி சற்று மெதுவாகவே செல்கிறது. இதைச் சொன்னதும் பிள்ளைகள் உடனே, "மலை உயரம், காற்று மெலிது, அதனால்தான் சேர்" என்பார்கள். காரணம் அதுவல்ல. அதைக் கண்டுபிடிக்க ஒரு கைபேசியும், 10 மீற்றர் நைலோன் கயிறும், கூடவர ஒரு நண்பரும் போதும்.

முதலில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போங்கள். ஒரு பேசினில் தண்ணீர் பிடித்து, அசைவு அடங்கியதும் ஒரு தேயிலைக் கொழுந்தை மிதக்க விடுங்கள். மறு ஓரத்தில் ஒரு சொட்டு விழட்டும். வளையம் வளையமாக அலை கரைக்கு ஓடிவரும். கொழுந்தோ இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். அலை சுமந்து செல்வது தண்ணீரை அல்ல, அசைவை. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரம் அலைநீளம். கொழுந்து ஒரு செக்கனில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறதோ அது மீடிறன். தமிழ்நாட்டு நூல்களில் இதையே அதிர்வெண் என்பார்கள்.

ஒலிக்கு நம் தப்பு மேளத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. மலையகத்தில் ஆடும் காமன் கூத்துக்கு முன் தப்பை நெருப்பில் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பனியில் ஈரம் ஏறித் தளர்ந்த தோல் மந்தமாக ஒலிக்கும். சூட்டில் அது இறுகியதும் வேகமாக அதிரும், மீடிறன் உயரும், சத்தம் கணீரென்று எழும். அதிரும் தோல் காற்றைத் தள்ளி இழுக்க, அந்த நெருக்கமும் தளர்வும் காற்றில் பரவி நம் காதுக்கு வருகின்றன. இதுதான் நெட்டாங்கு அலை. அடுத்த மலையில் தப்படிப்பவரை இங்கிருந்து பாருங்கள். குச்சி தோலில் பட்டு மேலே எழுந்த பிறகுதான் சத்தம் வரும். ஒளி உடனே வந்துவிட, ஒலி பின்தங்கிவிடுகிறது.

இனி அளவீடு. எதிரே உயரமான பாறை முகமோ, தேயிலைத் தொழிற்சாலையின் நீண்ட சுவரோ இருக்கும் வெளியைத் தேர்ந்தெடுங்கள். தொழிற்சாலை என்றால் இயந்திரம் ஓடாத நாளாக இருக்கட்டும். தேயிலைச் செடி மூடிய சரிவு உதவாது. இலைகள் ஒலியை விழுங்கியும் சிதறடித்தும் விடும். சுவரிலிருந்து கயிற்றை எட்டரைத் தடவை வைத்து 85 மீற்றர் தள்ளி நில்லுங்கள். கயிறு தொய்யாமல் நேராக இழுபட வேண்டும்.

ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். ஏறத்தாழ அரைச் செக்கனில் எதிரொலி திரும்பும். அந்த ஒன்றை மட்டும் கைபேசியில் அளக்க முயல வேண்டாம். விரல் அழுத்தும் தாமதமே கணக்கைக் கெடுத்துவிடும். எதிரொலி காதில் விழும் அதே கணத்தில் அடுத்த தட்டலைத் தட்டுங்கள். தாளம் பிடிபட்டுவிட்டால் உங்கள் தட்டலுக்குள் எதிரொலி ஒளிந்துகொள்ளும், தனியே கேட்காது. அந்த ஒத்திசைவு வந்த பிறகு நண்பர் கடிகாரத்தைத் தொடங்கி, 20 இடைவெளிகள் முடிந்ததும் நிறுத்தட்டும்.

10 செக்கன் ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒலி போய் வந்த தூரம் 170 மீற்றர். 20 இடைவெளிக்கு 3,400 மீற்றர். 10ஆல் வகுத்தால் செக்கனுக்கு 340 மீற்றர்.

தொடங்கும் தட்டலைச் "சுழியம்" என்று எண்ண வேண்டும். எங்கள் பிள்ளைகள் முதல் நாள் அதை "ஒன்று" என்று எண்ணி, இருபதில் நிறுத்தினார்கள், 358 வந்தது. உண்மையில் கடந்தது 19 இடைவெளிதான். பிழை எங்கே என்று அவர்களே கண்டுபிடித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. கேம்பிரிட்ஜில் தம் கல்லூரித் தாழ்வாரத்தில் நியூட்டனும் எதிரொலியை வைத்தே ஒலியின் வேகத்தை அளந்தார். நேரம் பார்க்க அவர் பயன்படுத்தியது ஓர் ஊசல்.

இப்போது கொழும்புக் கேள்விக்கு வருவோம். காற்றில் ஒலியின் வேகம் 0 பாகை செல்சியசில் செக்கனுக்கு 331 மீற்றர். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடும். 16 பாகைக் குளிரில் நுவரெலியாவில் 340 சொச்சம், 30 பாகை வெயிலில் கொழும்பில் 349. மலையேறும்போது காற்றின் அமுக்கம் குறைகிறது, அடர்த்தியும் அதே அளவில் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் வேகத்தை மாற்றுவது குளிர் மட்டுமே. விடிகாலையிலும் நண்பகலிலும் அளந்து பாருங்கள். வேறுபாடு மிகச் சிறியது. 100 இடைவெளி வரை எண்ணினால்தான் தெரியத் தொடங்கும்.

ஒளி செக்கனுக்கு 299,792 கிலோமீற்றர் போகிறது. அதற்குக் காற்றே வேண்டாம். சித்திரை, ஐப்பசி மாதங்களின் பின்னேர இடியில் மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடைப்பட்ட செக்கன்களை 3ஆல் வகுத்தால் கிலோமீற்றரில் தூரம் கிடைக்கும். இதை வீட்டுக்குள் இருந்தே செய்யுங்கள். 30 செக்கனுக்குள் சத்தம் வந்தால், மலையில் கொழுந்து பறிப்பவர்கள் உடனே இறங்கிக் கட்டடத்துக்குள் வந்துவிட வேண்டும். மரத்தடி பாதுகாப்பானதல்ல.

கடைசியாக, காலை வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, குழாய் நீரைத் தூவானமாகத் தெளியுங்கள். கையை நீட்டி, உங்கள் தலையின் நிழலிலிருந்து இரண்டு சாண் தள்ளிப் பாருங்கள். ஏறத்தாழ 42 பாகையில் வானவில் நிற்கும். அலைநீளம் கூடிய சிவப்பு வெளியே, குறைந்த ஊதா உள்ளே. அதே வெயில் மெல்லிய மூடுபனியில் விழும்போதும் அந்த இடத்தையே பாருங்கள். பனித்துளிகள் மிகச் சிறியவை என்பதால் ஒவ்வொரு நிறமும் அலையாக அகன்று பரவி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலந்துவிடும். பள்ளத்தாக்கின்மேல் அகலமான வெள்ளை வில் ஒன்று எழும்.