தாடை மூட்டு முறிவு: 'எந்த வழி நல்லது?' என்று கேட்பதற்கு முன்

பைக்கிலிருந்து விழுந்து மோவாய் கிழிந்து வருகிறவருக்கு நாலு தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. மோவாயில் பட்ட அடி எலும்பு வழியாக மேலேறி, காதுக்கு முன்னால் இருக்கும் கான்டைலை, அதாவது மூட்டில் பொருந்தும் கீழ்த்தாடையின் மேல்முனையை, உடைத்திருக்கலாம். சிலருக்கு இரண்டு பக்கமும் உடையும். பல்லைக் கடிக்கச் சொன்னால் முன்பற்கள் சேராமல் நின்றாலோ, வாய் திறக்கும்போது தாடை ஒரு பக்கம் இழுத்தாலோ படம் எடுத்தே ஆகவேண்டும். ஓபிஜி எனும் முழுத்தாடை எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு அறுவைக்குப் போகாதீர்கள். உடைந்த துண்டு உள்பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை சிடி ஸ்கேன்தான் தெளிவாகக் காட்டும்.

அடுத்த தவறு, எல்லா கான்டைல் முறிவையும் ஒரே தட்டில் வைத்து 'எந்த வழியில் திறப்பது நல்லது' என்று கேட்பது. கான்டைலின் தலையில் உடைந்ததா, அதன் கழுத்திலா, அடியிலா என்பதுதான் வழியைத் தீர்மானிக்கிறது. மேலே உடைந்திருந்தால் காதுக்கு முன்னால் கீற வேண்டும். கீழே என்றால் தாடைக்குப் பின்னாலோ தாடைக்குக் கீழேயோ திறக்கலாம். வாய்க்குள்ளேயே திறந்தால் வெளியில் தழும்பே இருக்காது. ஆனால் அதற்கு எண்டோஸ்கோப்பும் வளைந்த டிரில்லும் பழகிய கையும் வேண்டும்; துண்டு உள்பக்கம் விலகியிருந்தால் பழகிய கையும் திணறும். தழும்பை மட்டும் நினைத்து இந்த வழியைக் கேட்டு வாங்க வேண்டாம் என்பேன். சிறு பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அறுவையே தேவைப்படாது.

எல்லோரும் பயப்படுவது முகநரம்புக்குத்தான். நியாயமான பயம். காதுக்கு முன்னால் கீறும்போது புருவத்தைத் தூக்கும் கிளை பக்கத்திலேயே ஓடுகிறது. 1979-இல் அல்-கயாத், பிராம்லி என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். காதுத் துவாரத்தின் முன்னோரத்திலிருந்து 8 மி.மீ. தள்ளியும் நரம்பு கன்ன எலும்பு வளைவைக் கடந்தது, 35 மி.மீ. தள்ளியும் கடந்தது. சராசரியை நம்பிக் கத்தி வைக்க முடியாது. தாடைக்குப் பின்னால் போனால் கன்னத்துக்கும் கீழுதட்டுக்கும் போகும் கிளைகள் குறுக்கே வரும்; திசுவை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டரை அழுத்திப் பிடித்தாலே அவை சோர்ந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடுகிறது. அதனால்தான் 'இந்த வழியில் இத்தனை பேருக்கு நரம்பு பலவீனம்' என்று படித்தால், எப்போது சோதித்தார்கள் என்று பாருங்கள். ஒரு வழியின் முதல் வாரக் கணக்கை இன்னொரு வழியின் ஆறாம் மாதக் கணக்கோடு ஒப்பிடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

அறுவைக்கு முன்பே புருவத்தைத் தூக்கச் சொல்லி, கண்ணை இறுக்க மூடச் சொல்லி, கீழ்ப்பல் தெரிய இளிக்கச் சொல்லிக் குறித்து வையுங்கள். இல்லையென்றால், அடிபட்டபோதே வந்த பலவீனமா, கத்தியால் வந்ததா என்பது பிறகு தெரியாமல் போகும்.

காதோரம் இருக்கும் பரோட்டிட் எச்சில் சுரப்பி வழியாகத் திறந்தவர்கள் அதன் உறையை நீர் கசியாதபடி தைக்க மறந்தால், எலுமிச்சை ஊறுகாயை நாக்கில் வைத்ததும் காதுக்குக் கீழே தையலோரம் நனையும். அது சீழ் இல்லை, எச்சில். அழுத்திக் கட்டுப் போட்டு, புளிப்பைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். சீழ் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுப்பதில் பயனில்லை.

பிளேட் போட்டாயிற்று என்று வாய்ப் பயிற்சியை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. எந்த வழியில் திறந்திருந்தாலும், மருத்துவர் சொன்ன நாளிலிருந்து கண்ணாடி முன் உட்கார்ந்து, தாடை கோணாமல் நேராக இறங்குகிறதா என்று பார்த்துத் திறந்து பழக வேண்டும், தன் விரல் மூன்று உள்ளே நுழையும் வரை.