டெக்ரானைக் கணினியில் தேடுவது எப்படி: பீட்டா-கேட்டினினை வைத்து ஒரு செய்முறை

ஒரு புரதத்தைச் சிதைக்க வேண்டும் என்று செல்லுக்கு உணர்த்தும் அடையாளம் பெரும்பாலும் அப்புரதத்தின் வரிசையிலேயே ஒரு சிறு துண்டாக இருக்கும். அதை டெக்ரான் என்கிறோம். இ3 லிகேஸ் என்னும் நொதி அத்துண்டைப் பற்றிக்கொள்ள, பக்கத்து லைசின்களில் (லைசின் ஓர் அமினோ அமிலம்) யுபிக்விட்டின் என்னும் சிறு புரதம் ஒட்டப்படுகிறது. பிறகு செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோம் அந்தப் புரதத்தை நறுக்கிவிடுகிறது. இத்தேடலைப் புதிதாகத் தொடங்குவோர் விடை தெரிந்த ஒரு புரதத்தில் கை பழகுவதே நல்லது. அதற்கு மனிதப் பீட்டா-கேட்டினின் என்ற புரதம் மிகவும் ஏற்றது.

முதலில் யூனிபுரோட் தரவுத்தளத்தில் பி35222 என்ற பதிவைத் திறந்து, 781 அமினோ அமிலங்கள் கொண்ட வரிசையை ஃபாஸ்டா என்னும் எளிய உரைக்கோப்பு வடிவில் இறக்கிக்கொள்ளுங்கள். தொடக்க மெத்தியோனினை 1 எனக் கொண்டு எண்ணிப் பார்த்தால், 32 முதல் 37 வரை அஸ்பார்டிக் அமிலம், செரின், கிளைசின், ஐசோலியூசின், ஹிஸ்டிடின், செரின் என்று வர வேண்டும். இப்படி எண்ணைச் சரிபார்ப்பது அற்பமான வேலையாகத் தோன்றும். ஆனால் பின்னால் நேரும் குழப்பங்களில் பல இங்கேதான் பிறக்கின்றன.

அடுத்து அவ்வரிசையை, புரதங்களின் சிறு வரிசை வடிவங்களைத் தொகுத்துள்ள இ.எல்.எம். தரவுத்தளத்தில் இடுங்கள். பீட்டா-கேட்டினினைப் பற்றும் பீட்டா-டிஆர்சிபி என்ற லிகேஸ் பகுதி தேடும் வடிவம் அங்கே இருக்கிறது: அஸ்பார்டிக் அமிலம், செரின், கிளைசின், அதன்பின் எவையேனும் இரண்டு அல்லது மூன்று, முடிவில் செரின் அல்லது திரியோனின். நம் துண்டு இதில் அப்படியே பொருந்தும். ஆனால் கூடவே வேறு பல பொருத்தங்களும் பட்டியலில் வந்து நிற்கும். அவற்றைக் கண்டு மகிழ்ந்துவிடக் கூடாது. செல் பிரிவை நெறிப்படுத்தும் ஏபிசி என்ற இன்னொரு லிகேஸ் தேடும் டி-பெட்டி என்னும் டெக்ரானின் சுருக்க வடிவம், அர்ஜினினுக்கு மூன்று இடம் தள்ளி லியூசின் என்பது மட்டுமே. இருபது அமினோ அமிலங்களும் சம அளவில் வருவதாகக் கொண்டால், 400 இடங்களுக்கு ஒருமுறை அது தற்செயலாகவே அமையும். இந்த நீளமுள்ள புரதத்தில் ஏறத்தாழ இரண்டு. பீட்டா-டிஆர்சிபி தேடும் வடிவமோ, இதே நீளமுள்ள ஐம்பது வரிசைகளில் ஒன்றில்தான் தற்செயலாகக் கிடைக்கும். ஆகவே வரிசையின் எழுத்துகளைப் பைத்தானில் ஆயிரம் முறை கலைத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் எத்தனை பொருத்தம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். சில வரிகளில் முடிகிற இந்தச் சோதனையைச் செய்யாத பட்டியலை நான் நம்புவதில்லை.

மிஞ்சியவற்றை வடிவமைப்பைக் கொண்டு வடிகட்ட வேண்டும். லிகேஸ் எட்டிப் பிடிக்க வேண்டுமானால் அத்துண்டு மடிப்புக்குள் புதையாமல் நெகிழ்வாக வெளியே கிடக்க வேண்டும். நெகிழ்வான பகுதிகளைக் கணிக்கும் ஐயுபிரெட் தரும் மதிப்பு 0.5-க்கு மேல் இருப்பதும், புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டின் நம்பகமதிப்பு (100-க்கு) 50-க்குக் கீழே இறங்குவதும் அத்தகைய பகுதிக்கு அறிகுறிகள். (நம்பகமதிப்பு குறைந்தால் கணிப்பு தோற்றது என்று பலர் எண்ணுகிறார்கள், இங்கே அதுவே நமக்குத் தேவையான செய்தி.) பீட்டா-கேட்டினினின் நடுவில் திரும்பத் திரும்ப வந்து இறுக்கமாக மடிந்த ஆர்மடில்லோ அடுக்குகளுக்குள் விழும் பொருத்தங்களை ஐயத்துடன் ஒதுக்கி வைக்கலாம்.

பரிணாமச் சான்று இன்னும் வலுவானது. பழ ஈயில் பீட்டா-கேட்டினினுக்கு இணையான ஆர்மடில்லோ புரதத்திலும் இதே ஆறு அமினோ அமிலங்கள் உள்ளன. ஆனால் நெகிழ்வான பகுதிகளில் வரிசையொப்பீட்டு மென்பொருள்கள் எளிதில் தடம் புரளும். ஒப்பீட்டை ஜால்வியூ என்ற காட்சி மென்பொருளில் திறந்து, இடைவெளிகளைக் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள்.

இந்த டெக்ரான் பாஸ்பேட் ஏறினால்தான் இயங்கும். சிகே1 நொதி 45-ஆம் செரினில் தொடங்கிவைக்க, ஜிஎஸ்கே3 நொதி 41, 37, 33 என நான்கு நான்காகப் பின்னோக்கி வருகிறது. எனவே புரதங்களில் ஏறும் பாஸ்பேட், யுபிக்விட்டின் போன்றவற்றின் இடங்களைத் தொகுத்துள்ள பாஸ்போசைட்பிளஸ் தரவுத்தளத்தில் இந்த இடங்களையும், அருகிலுள்ள லைசின்கள் 19, 49 ஆகியவற்றையும் பாருங்கள். பிறகு புற்றுநோய்த் திடீர்மாற்றங்களுக்கான காஸ்மிக் தரவுத்தளத்தைத் திறந்தால், கல்லீரல் புற்றுநோய் உள்ளிட்ட பலவற்றில் இதே பகுதியில் திடீர்மாற்றங்கள் குவிந்திருப்பது தெரியும்: அடையாளம் அழிந்ததால் புரதம் சிதையாமல் தேங்குகிறது.

இறுதியாக, பீட்டா-கேட்டினின் துண்டும் பீட்டா-டிஆர்சிபியும் இணைந்துள்ள 1பி22 என்ற படிகக் கட்டமைப்பைக் கைமெராஎக்ஸ் என்ற முப்பரிமாணக் காட்சி மென்பொருளில் திறந்து, பாஸ்பேட் ஏறிய 33, 37 செரின்கள் லிகேஸின் எந்த அமினோ அமிலங்களைத் தொடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தப் புரதத்துக்கு இத்தகைய கட்டமைப்பு இல்லையெனில், பாஸ்பேட்டையும் சேர்த்துக் கணிக்கக்கூடிய ஆல்ஃபாஃபோல்டு 3-ஐப் பயன்படுத்தலாம். அங்கும் செரின்களை அலனினாக மாற்றிய வரிசையைத் தனியே ஓட்டி ஒப்பிடுங்கள். ஆய்வகத்தில் அரைவாழ்வுக் காலத்தை அளக்க வேண்டிய திரிபும் அதுவே.