உறைகுளிரில் கோழிகளுக்குத் தண்ணீர்

கனடாவின் மனிட்டோபாவில் ஜனவரி இரவு மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். அந்தக் குளிரை முட்டைக்கோழி தாங்கும், தாகத்தைத் தாங்காது. நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவுக்குக் குடிக்கும். தண்ணீர் கட்டியாகிவிட்டால் தீனியையும் குறைத்துவிடும், முட்டையும் குறையும். பனியைக் கொத்திச் சமாளித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள்.

கோழி இருட்டில் குடிக்காது. அங்கே டிசம்பரில் பகல் வெளிச்சம் சுமார் 8 மணி நேரம்தான். ஆகவே கூட்டில் மின்சாரம் இல்லாதவர்கள் காக்க வேண்டியது அந்த 8 மணி நேரத்தை மட்டுமே. கறுப்பு ரப்பர் கிண்ணம் இரண்டு வாங்குங்கள். விடிந்ததும் ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், மதியம் மாற்று, அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இன்னொரு மாற்று. உறைந்த கிண்ணத்தைக் கவிழ்த்து மிதித்தால் பனிக்கட்டி கழன்றுவிடும். பிளாஸ்டிக் என்றால் விரிசல் விடும். இரவில் காலியாகவே வையுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதில் பெரிய லாபம் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் 40 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கும்போது விடும் வெப்பம் 168 கிலோஜூல். பூஜ்யத்தில் இருந்தபடியே அது பனிக்கட்டியாக விடுவது 334. அதனால் சூட்டைவிட அளவு முக்கியம்: ஆழமாக, நிறைய ஊற்றுங்கள்.

மின்சாரம் இருந்தால், தகரக் குடிகலத்துக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் தட்டுதான் எங்கள் முதல் சிபாரிசு. 100 முதல் 125 வாட். உறைநிலையை நெருங்கும்போது தெர்மோஸ்டாட் தானாகவே போட்டுவிடும். தட்டை வைக்கோல்மேல் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும். கான்கிரீட் கல்லின்மேல், கலத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு வருமாறு வையுங்கள், குப்பையும் விழாது. பிஸ்கட் டின்னுக்குள் 40 வாட் குண்டு பல்பு பொருத்தி, அதன்மேல் கலத்தை வைக்கும் பழைய முறையும் வேலை செய்யும். ஆனால் எல்இடி பல்பு போதுமான சூடு தராது, குண்டு பல்போ நடுராத்திரியில் சொல்லாமல் போய்விடும்.

நிப்பிள் வாளி (கோழி கொத்தினால் தண்ணீர் விடும் சிறு வால்வுகள் பொருத்திய வாளி) வைப்பவர்கள் அடியில் தொங்கும் நிப்பிளைத் தவிர்த்து, பக்கவாட்டில் திருகும் வகையை வாங்குங்கள். தொங்கும் நிப்பிளின் நுனியில் நிற்கும் ஒரு சொட்டு முதலில் உறைந்து வால்வைப் பிடித்துக்கொள்ளும். வாளி நிறையத் தண்ணீர் இருக்கும், கோழிக்கு ஒரு சொட்டு வராது. வாளிக்குள் போடும் ஹீட்டர் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். அது எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும்.

வெளியிடத்துக்கான ஒயரையும், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பிளக் பாயிண்டையுமே பயன்படுத்துங்கள். ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கினால் ஈரம் அதன் வழியே உள்ளே ஏறாது.

குடிதண்ணீர் உறையாமலிருக்க அதில் உப்புத்தண்ணீர் பாட்டிலை மிதக்கவிடும் யோசனையை நம்பாதீர்கள். பாட்டிலுக்குள் இருப்பது எளிதில் உறையாது, உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள தண்ணீருக்கு அது எந்தச் சூட்டையும் தராது. ஒழுகினால் உப்பு கோழிக்கு நஞ்சு. காரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவமான ஆன்டிஃப்ரீஸ் பக்கமே போகாதீர்கள்.

தண்ணீர் உறைகிறதே என்று கூட்டையே சூடாக்கி, காற்றுத் துளைகளை அடைப்பவர்கள் உண்டு. அடைத்த கூட்டில் ஈரம் தேங்கும். குளிரோடு ஈரம் சேர்ந்தால் கொண்டை எளிதில் கருகும். பெரிய தாடியுள்ள சேவல் அகலக் கிண்ணத்தில் குடிக்கும்போது தாடி நனைந்து உறையும். அதற்குக் குறுகிய விளிம்புள்ள கலம் வையுங்கள்.

எல்லாவற்றையும் அக்டோபரிலேயே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். தெர்மோஸ்டாட் வெதுவெதுப்பான நாளில் போடாது. சூடேற்றும் தட்டை ஃப்ரீசரில் சற்று வைத்து எடுத்துச் சொருகினால் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். மின்வெட்டு நாளுக்கு ரப்பர் கிண்ணம் இரண்டும் கூட்டிலேயே இருக்கட்டும்.